ஆறாம் மாதமும் அதே ஆள்

நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்த மூட்டைகளோடு சுற்றுவட்டார விவசாயிகள் மண்டியில் கூடுகிறார்கள். ஒரே நாளில் இத்தனை பேர் ஓரிடத்தில் சேர்வதால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் கேம்ப் போட இதைவிட நல்ல நாள் கிடையாது என்று சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்குத் தோன்றும். ஆனால் பிரஷரைச் சரியாக எடுக்க வேண்டுமென்றால் ஆள் ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; முதுகுக்குச் சாய்மானம் வேண்டும்; கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும்; டீ குடித்து அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். குவிண்டால் என்ன விலைக்குப் போகும் என்று காத்து நிற்கிறவரிடம் இதில் ஒன்றுகூட நடக்காது. அப்படி எடுத்த அளவு அவரது அன்றைய பதற்றத்தைத்தான் சொல்லும். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் தெருவில் அவரை உட்கார வைக்கலாம் என்பது இங்கேயே சில காலம் வேலை செய்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவை எந்தச் செயலியும் முன்கூட்டியே கொண்டுவருவதில்லை. சுகாதார ஸ்டார்ட்அப்பில் வேலை எப்படி இருக்கும் என்ற கேள்வியை இந்த ஊரில் நின்று கேட்டுப் பார்ப்பது அதனால்தான் பயனுள்ளது.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் நிறுவனரையும் மென்பொருள் எழுதுகிறவரையும் சுற்றியே இருக்கும். இரவு பகல் பாராத உழைப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் திட்டம், முதலீட்டாளர் கூட்டத்துக்கு முந்தைய பரபரப்பு, சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பங்குகள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் உணவு விநியோக நிறுவனத்திலும் இதே கதைதான். சுகாதாரத்துக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இதில் விடுபடுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களில் ஒரு நிறுவனம் உண்மையில் உருவாக்க வேண்டிய பொருள், நோயாளி மறுபடியும் வருவது. முதல் பரிசோதனையை யாரும் செய்துவிடலாம். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதில்தான் பலன் இருக்கிறது. அந்த மறுவருகையை உண்டாக்குகிறவர் நிறுவனத்தின் கடைசிப் படியில் இருக்கும் களப்பணியாளர். ஸ்டார்ட்அப் என்ற வேலை அமைப்போ அந்தக் கடைசிப் படியைத்தான் அடிக்கடி மாற்றுகிறது. எனவே களப்பணியாளரின் வேலை நிலைமையை மனிதவளத் துறையின் உள்விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை பலிக்குமா என்பதே அதைப் பொறுத்திருக்கிறது என்பது என் வாதம்.

எண்கள் இந்தப் பக்கமே சாய்கின்றன. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றா நோய் ஆபத்துக் காரணிகள் பற்றிய ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் அது 10.8 சதவீதம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஓரளவு நன்றாக நடக்கிற, மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்த நிலை. கருவி இல்லாததோ மருந்து இல்லாததோ மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பிரஷர் வலிக்காது, மாத்திரையை நிறுத்தினாலும் மறுநாள் ஒன்றும் தெரியாது. நாமக்கல் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. லாரிக்குப் போகிறவர் வாரக்கணக்கில் வடக்கே ‘லைனில்’ இருப்பார். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போடும் மாதங்களில் வீட்டில் ஆள் இருக்கும் நேரமே மாறிவிடும். கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்கிற குடும்பம் அடுத்த வருடம் வேறு பண்ணையில் இருக்கும். ஃபாலோ-அப் என்று அலுவலகத்தில் ஒரு சொல்லில் முடிந்துவிடுகிற வேலை, களத்தில் இந்த அலைச்சல்களை எல்லாம் நினைவில் வைத்திருப்பது.

இந்த ஊர்ப்பக்கம் அனைவரும் அறிந்த ஒரு சேவையும் ஒருகாலத்தில் ஸ்டார்ட்அப்தான் என்பது பலருக்கும் மறந்துபோயிருக்கலாம். 108 ஆம்புலன்ஸை நடத்தும் அமைப்பு 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியது. சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு அதன் பின்னணியில் இருந்தார். தமிழ்நாட்டில் சேவை 2008 செப்டம்பரில் வந்தது. நான்கு மாதம்கூட முழுதாக முடியவில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் கணக்குகள் பொய் என்று ராஜுவே எழுதிக்கொடுத்தார். சாதாரணமாக ஒரு புதிய நிறுவனத்தின் புரவலர் இப்படிச் சரிந்தால் நிறுவனமும் சேர்ந்து சரியும். ஆனால் இங்கே வண்டிகள் நிற்கவில்லை. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது. அதைவிட முக்கியமாக, ஓட்டும் செலவை மாநில அரசுகள் கொடுத்துவந்தன. வண்டியில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை இறக்கிக்கொண்டு வருவதற்கு, வண்டியிலுள்ள கருவிகளுக்கு இணையாக ‘பைலட்’ என்று அவர்கள் அழைக்கும் ஓட்டுநருக்கு அந்த வளைவுகள் பழகியிருப்பதும், எந்த வளைவில் வண்டியை நிறுத்தலாம் என்று மருத்துவ உதவியாளருக்குத் தெரிந்திருப்பதும் வேண்டும். இதே பணியாளர்கள்தான் ஆண்டுக்கணக்கில் 12 மணி நேர வேலையை எட்டு மணி நேரமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது போனஸுக்காக வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுக்கிறார்கள். சேவையின் தொடர்ச்சிக்கு அரசுப் பணம் உத்தரவாதம் கொடுத்தது. அந்தத் தொடர்ச்சியைச் சுமக்கிறவர்களுக்கு யாரும் அதே உத்தரவாதத்தைக் கொடுக்கவில்லை.

அரசின் கை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. பெங்களூரு நியூரோசினாப்டிக் நிறுவனம் செய்த சிறு கருவிப்பெட்டியை அவற்றோடு இணைத்து, இரத்த அழுத்தம், வெப்பநிலை, இதயத் துடிப்பின் வரைபடம் ஆகியவற்றைத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பும் முயற்சியும் நடந்தது. அன்றைக்கு அது உலகத்தரமான யோசனை. இன்றைக்குப் படித்தாலும் அப்படித்தான் தெரிகிறது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்த இதே வகைத் திட்டத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மூடிவிட்டதைப் பதிவு செய்தார்கள். மையம் நடத்தியவர் உள்ளூர் ஆள்; கடன் வாங்கிப் போட்ட கடை. கருவி பழுதானால் பார்க்க ஆள் வரவில்லை. வருமானம் கடனுக்குப் போதவில்லை. ‘தொழில்முனைவோர்’ என்று அவருக்குப் பெயர் வைத்ததால் நட்டமும் அவருடையதாகிவிட்டது. இன்று ‘பார்ட்னர்’ என்ற பெயரில் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கும் இளைஞர் சொந்த பைக், சொந்த பெட்ரோல், எடுத்த மாதிரிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஓடுகிறாரே, அந்த ஏற்பாட்டின் மூதாதையை இங்கே பார்க்கலாம்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 2009-இல் கரம்பயத்தில் முதல் மையத்தைத் தொடங்கிய சுகவாழ்வு இன்னும் கவனமான முயற்சி. ஆயுஷ் மருத்துவர்களுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் துணையோடு பயிற்சி கொடுத்தார்கள். உள்ளூர்ப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிக் குடும்பங்களைப் பதிந்தார்கள். இதய நோய் வரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று கணித்தார்கள். பணமும் படித்தவர்களும் நல்ல நோக்கமும் சேர்ந்திருந்தன. ஆயினும் மாநிலம் முழுக்கப் பரவும் மாதிரியாக அது வளரவில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் காசு கொடுப்பவர், வராத நோய்க்கு முன்கூட்டிக் காசு கொடுக்கத் தயங்குவார். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. அப்படியானால் தடுப்புச் சேவை தரும் நிறுவனத்துக்கு வருமானம் நோயாளியிடமிருந்து வராது. அரசிடமிருந்தோ காப்பீட்டிலிருந்தோ முதலீட்டாளரிடமிருந்தோதான் வரும். யார் பணம் தருகிறாரோ அவருடைய காலெண்டர்தான் களப்பணியாளருடைய காலெண்டராகும்.

முதலீட்டாளரின் காலெண்டர் எப்படிப்பட்டது என்பதை அண்மைக்காலம் பளிச்சென்று காட்டிவிட்டது. மும்பையின் இணைய மருந்து நிறுவனமான ஃபார்ம்ஈஸி 2021-இல் ஏறத்தாழ 560 கோடி டாலர் மதிப்புக் கொண்டதாகப் பேசப்பட்டது. கோவைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்த வேலுமணி உருவாக்கிய தைரோகேர் ஆய்வக நிறுவனத்தின் பெரும்பங்கை அதே ஆண்டில் நாலாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. 2023-இல் அதே ஃபார்ம்ஈஸி முந்தைய மதிப்பிலிருந்து சுமார் 90 சதவீதம் குறைத்துப் பங்கு விற்றுப் பணம் திரட்ட நேர்ந்தது. பெங்களூரின் தொலைமருத்துவ நிறுவனமான எம்ஃபைன் 2022 மே மாதம் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கை நம்பியிருந்த பொறியாளருக்கு இது பெரிய அடிதான். ஆனால் அவருக்கு வேறு நிறுவனம் உண்டு. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ நாற்பது சர்க்கரை நோயாளிகளின் வீடு தெரிந்த பணியாளரை நிறுத்தும்போது, அந்த நாற்பது பேரின் தொடர்ச்சியும் அன்றோடு அறுந்துபோகிறது. அவர்களுடைய எண்கள் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கும். யாருக்கும் அவர்களைத் தெரியாது.

இலக்கு வைத்து வேலை வாங்குவது அளவுகளையே கெடுக்கும் என்பதற்கு மருத்துவ ஆய்வில் ஒரு பழைய தடயம் உண்டு. கையால் எடுத்த இரத்த அழுத்தப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கினால், கடைசி இலக்கம் பூஜ்யமாக இருப்பவை கணக்குக்கு மீறி அதிகமாக இருக்கும். 137 என்று வரவேண்டியது 140 ஆகும், 123 என்பது 120 ஆகும். இயற்கைக்குப் பூஜ்யத்தில் முடியும் எண்களின் மேல் தனி ஆசை கிடையாது. அவசரமாக எழுதும் கைக்கு உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது வீடு, மாலைக்குள் அத்தனையும் ஆப்பில் ஏற வேண்டும் என்று டார்கெட் வைத்தால், ஐந்து நிமிட ஓய்வு இரண்டாக மாறும், இரண்டு ஒன்றாகும், பிறகு 120/80 பதிவாகும். மின்னணுக் கருவி இதில் கொஞ்சம் தடுக்கிறது. ஆனால் சிறிய பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் எண் கூடிக் காட்டும் என்பதைக் கருவி தானாகச் சொல்லாது. அமெரிக்காவின் தெரனோஸ் என்ற இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் கதையில் உண்மையை வெளியே கொண்டுவர உதவியவர்கள் யார் என்று பார்த்தால், ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் பட்டதாரிகள். 2003-இல் தொடங்கிய நிறுவனத்தின் புகழை 2015 வரை இயக்குநர் குழுவில் இருந்த முன்னாள் அமைச்சர்கள் யாரும் வெளிப்படையாகச் சந்தேகிக்கவில்லை. எண்ணுக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் எண் பொய் என்பது முதலில் தெரியும். வேலை போய்விடும் என்ற பயமும் அவருக்குத்தான் அதிகம். சுகாதார ஸ்டார்ட்அப்பில் வேலை செய்வதன் தனிச்சுமை இது. மற்ற துறைகளில் தவறான எண் ஒரு கணக்கில் உட்காரும். இங்கே ஒருவருடைய மாத்திரை அளவில் போய் உட்காரும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி களத்தில் தேர்ந்த ஆள் தேவையில்லை. அந்தக் கருத்தை நம் ஊர் விழித்திரைகளிலிருந்தே சோதிக்கலாம். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருள் 2016-இல் ஆய்விதழில் வெளியானபோது, அதன் பயிற்சிக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்கள் பயன்பட்டன. ஆய்வகத்தில் அது மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. பின்னர் தாய்லாந்தின் 11 சுகாதார மையங்களில் அதைப் பொருத்திப் பார்த்தபோது, 1,800-க்கு மேற்பட்ட படங்களில் ஐந்தில் ஒன்றைத் தரமில்லை என்று மென்பொருள் தள்ளியது. படம் எடுக்க இருட்டறை வேண்டும். அந்த மையங்கள் பலவற்றில் அப்படி ஓர் அறை இல்லை. இணையம் மெதுவாக இருந்தது. படம் தள்ளுபடியானால் நோயாளி வேறு மருத்துவமனைக்கு அலைய வேண்டும். அதனால் செவிலியர்களே சிலரிடம் இதில் சேர வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். 2020-இல் இதை வெளியிட்டவர்கள் கூகுளின் ஆய்வாளர்களேதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த நேர்மை இத்துறையில் மலிவாகக் கிடைப்பதில்லை. இந்தியச் சட்டநிலையும் மனிதரை விலக்கவில்லை. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று வரையறுத்தன. கருவி கூடக்கூட, அதைச் சரியாக இயக்கி, முடிவை நோயாளிக்குப் புரியவைக்கிறவரின் தேவையும் கூடுகிறது.

அரவிந்தின் அனுபவம் இதற்கு நேர்ச் சான்று. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது, அந்தக் காலத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும், ஒரு ஸ்டார்ட்அப்தான். அது பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக்கியது. 2000-களின் நடுவிலிருந்து பரவிய அதன் விஷன் சென்டர்களில் மருத்துவர் இருப்பதில்லை. இப்படிப் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து, தொலைவிலுள்ள மருத்துவரோடு நோயாளியைப் பேச வைக்கிறார்கள். தேனியைச் சுற்றி இதற்காகப் போட்ட நெடுந்தூர வைஃபை இணைப்பு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு வந்தது. தொழில்நுட்பம் என்-லாக்கினுடையதைவிட வெகுதூரம் முன்னேறியதாக இல்லை. வேறுபாடு, அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம், மேற்பயிற்சி, பின்னால் ஒரு மருத்துவமனை, படிப்படியான பதவி ஆகியவை இருந்ததில்தான். இங்கும் எல்லாம் பொன்னில்லை: சம்பளம் பெரிதில்லை, திருமணமானதும் பலர் விலகுகிறார்கள். ஆனால் விலகுகிறவருக்குப் பதில் பயிற்சி பெற்ற இன்னொருவர் வரிசையில் இருப்பார்.

வலுவான மறுப்பு இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்டார்ட்அப்பை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும், அரசே அதைத்தானே செய்கிறது? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று நாமகிரிப்பேட்டைத் தெருக்களிலும் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் 2024-இல் அதற்குக் கிடைத்தது. அதைச் சுமக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வாங்குகிறார்கள். அதைச் சம்பளம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். அரசும் தவறு செய்வதால் என் வாதம் தளரவில்லை. மாறாக, நோயாளியின் தொடர்ச்சி யார் கையில் இருக்கிறதோ அவரை இரு தரப்பும் தற்காலிகமாக வைத்திருப்பதையே இது காட்டுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திட்டம் தேய்ந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையம் அதே இடத்தில் இருக்கும். 2022-இல் வந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரி இருக்கும். ஸ்டார்ட்அப் மூடினால் வாசலில் பூட்டு மட்டும் இருக்கும்.

வேகமாகத் தோற்றுப் பார்ப்பதுதான் புதுமைக்கு வழி, எல்லாத் தோல்விக்கும் கட்டுப்பாடு வைத்தால் யார் முயல்வார்கள் என்று தொழில்முனைவோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கருவியின் வடிவத்தில், ஒரு செயலியின் திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம். இன்சுலின் அளவைக் கேட்டு ஃபோன் செய்யும் பெரியவருக்குப் பதில் சொல்லும் எண்ணில் தோற்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முழு நிறுவனத்தையும் ஒரே வேகத்தில் ஓட்டுவதுதான் சிக்கல். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறதே என்பதையும் லேசாகத் தள்ள முடியாது. ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் நர்சிங்கும் ஃபார்மசியும் பயோமெடிக்கலும் முடித்து வெளியே வருகிறவர்களுக்கு உள்ளூரில் நல்ல வேலை குறைவு. சென்னைக்குப் போய் மருத்துவமனை விடுதியில் தங்குவதைவிட வீட்டிலிருந்தே டேப்லெட்டோடு சுற்றும் வேலை அவர்களுக்குப் பிடித்திருக்கக் காரணம் உண்டு. கன்னடம், இந்தி பேசும் நோயாளிகளிடம் பேசக் கற்றுக்கொள்வதும், தரவைப் படிக்கப் பழகுவதும் அந்த வேலையில்தான் நடக்கிறது. ஆனால் அந்த வேலையில் மூன்றாண்டு நிலைத்தால் என்ன பதவி, இருபத்தெட்டு வயதில் என்ன சம்பளம் என்பதற்கு விளம்பரத்தில் பதில் இருப்பதில்லை. அதற்குப் பதில் இல்லாத இடத்தில் திறமையானவர் தங்க மாட்டார். ஒரு வருடத்தில் மருந்து கம்பெனி ரெப் வேலைக்கோ வெளிநாட்டு நர்சிங்குக்கோ போய்விடுவார். அவர் போவதில் தவறும் இல்லை.

எனவே ஒரு நிறுவனம் நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் வேலை தொடங்க வரும்போது, சுகாதாரத் துறை அதிகாரியோ வட்டார மருத்துவ அலுவலரோ அதன் செயலியைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய தாள்கள் வேறு. வேறு ஊரில் இரண்டு ஆண்டுக்கு முன் சேர்ந்த களப்பணியாளர்களில் இன்றும் எத்தனை பேர் அதே ஊரில் வேலை செய்கிறார்கள்? அவர்களுக்குச் சேமநலநிதி பிடிக்கிறார்களா, எடுத்த மாதிரிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்களா? ஒருவருடைய அளவு தவறு என்று பணியாளர் சொன்னால் அது யாரிடம் போகிறது? நிறுவனம் மூடினால் நோயாளிகளின் பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, எத்தனை நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேரும்? ஒப்பந்தத்தில் இந்தக் கடைசி நிபந்தனை எழுத்தில் இல்லாமல் எந்த அனுமதியும் கொடுக்கக் கூடாது. டேப்லெட்டுகளைத் திரும்ப வாங்குவதற்குத் தேதி குறிக்கிற நிறுவனங்கள், நோயாளிகளை ஒப்படைப்பதற்கும் ஒரு தேதி குறிக்கலாம்.